கல்லறை மேல் அழுகிய உடல் எதற்கு?

இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் இரண்டு தட்டுகள் கொண்ட ஒரு கல்லறை இருக்கிறது. மேல்தட்டில் பேராயர் ஹென்றி சிச்செலி முழு அலங்காரத்தோடு படுத்திருக்கிறார். வண்ணம் தீட்டிய அங்கி, ஆயருக்குரிய உயரமான தொப்பி, கூப்பிய கைகள், தலைமாட்டில் தேவதூதர்கள். கீழ்த்தட்டில் படுத்திருப்பவரும் அவரேதான். அங்கே அங்கி இல்லை, தொப்பி இல்லை. பிணத்துணி மேல் ஒட்டி உலர்ந்த வெற்றுடம்பு. ஓரத்தில் லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள்: "ஏழையாகப் பிறந்தேன், பிறகு இங்கே பேராயராக உயர்த்தப்பட்டேன், இப்போது சாய்ந்து கிடக்கிறேன், புழுக்களுக்கு இரையாக."

சிச்செலி இறந்தது 1443இல். கல்லறையோ 1420களிலேயே தயாராகிவிட்டது. பதினைந்து வருடங்களுக்கும் மேலாக, பேராலயத்துக்கு வரும்போதெல்லாம் அவர் தன் பிணத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த மாதிரிப் படங்கள் இணையத்தில் சுற்றும்போது கூடவே ஒரு விளக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்: "பிளேக் நோயில் ஐரோப்பாவில் பாதிப் பேர் செத்தார்கள், அந்தப் பயத்தில் இப்படியெல்லாம் செய்தார்கள்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிளேக் முடிந்து எழுபது வருடங்கள் கழித்து, கையில் அதிகாரமும் பணமும் இருந்த ஒரு பேராயர், உயிரோடு இருக்கும்போதே சிற்பியைக் கூப்பிட்டு இதைச் செய்யச் சொன்னது ஏன் என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்தக் காலத்துப் பிணங்களுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் மண்டையோடுகளுக்கும் குறிப்பான ஒரு வேலை இருந்தது. பார்ப்பவரை நிறுத்தி அவரிடமிருந்து ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். எதை வாங்க வந்தன என்று தெரிந்துகொண்டால், 1350 முதல் 1550 வரையிலான சாவு ஓவியங்களில் பாதி தாமாகவே புரிந்துவிடும்.

## தெரிந்திருக்க வேண்டிய சில சொற்கள்

1. உத்தரிக்கிற ஸ்தலம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பழகிய சொல். நேரே மோட்சம் போகும் அளவுக்குப் புனிதர்களும் அல்லாத, நரகத்துக்குப் போகும் அளவுக்குக் கொடியவர்களும் அல்லாத ஆன்மாக்கள் செத்த பிறகு கொஞ்ச காலம் வேதனைப்பட்டுத் தூய்மையாகும் நிலை. பெரும்பாலான மனிதர்கள் இந்த ரகம்தான். 1274இல் லியோனில் கூடிய திருச்சபைச் சங்கமும் 1439இல் புளோரன்ஸில் கூடிய சங்கமும் இந்த நம்பிக்கையை முறையாக வரையறுத்தன. கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே இருப்பவர் தனக்காகத் தானே எதுவும் செய்துகொள்ள முடியாது. உயிரோடு இருப்பவர்கள் செபம், பூசை, தர்மம் மூலம் அவருடைய வேதனையைக் குறைக்கலாம். நவம்பர் 2ஆம் தேதி நம் ஊர்களில் கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றுவதும் இதே நம்பிக்கையின் தொடர்ச்சி. பிரான்சின் குளூனி மடத்தில் ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன் பரவத் தொடங்கிய வழக்கம் அது.

2. திரான்சி. கல்லறை மேல் அழுகும் உடலாகவோ எலும்புக்கூடாகவோ செதுக்கிய உருவத்துக்குக் கலை வரலாற்றில் உள்ள பெயர். "கடந்து போவது" என்ற பொருள் தரும் லத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது.

3. சாவின் நடனம். போப்பாண்டவர் முதல் கைக்குழந்தை வரை ஒவ்வொருவரையும் ஒரு பிணம் கைபிடித்து இழுத்துப் போகும் வரிசை ஓவியம்.

4. மெமெந்தோ மோரி. "நீ சாவாய் என்பதை நினைவில் வை." படத்தில் எங்கே மண்டையோடு வந்தாலும் இந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது, ஏனென்றால் எல்லா மண்டையோடுகளும் இதைச் சொல்லவில்லை.

## பிளேக் விளக்கத்தில் எங்கே ஓட்டை

1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோய், மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு பெரிய சாவு கலையைத் தொடாமல் இருக்குமா? தொட்டது. எப்படித் தொட்டது என்பதில்தான் சிக்கல். கால வரிசையை மட்டும் பார்ப்போம்.

1. இத்தாலியின் பீசா நகரில் காம்போசான்தோ என்ற கல்லறை வளாகம் உண்டு. அதன் சுவரில் 'சாவின் வெற்றி' என்ற பிரம்மாண்டமான ஓவியம். வேட்டைக்குப் போகும் பிரபுக்கள் கூட்டம் ஒன்று மூன்று திறந்த சவப்பெட்டிகளின் முன் திகைத்து நிற்கிறது. ஒன்றில் ஊதிய பிணம், ஒன்றில் அழுகியது, ஒன்றில் எலும்பு. குதிரைகள் கழுத்தை நீட்டி மிரள்கின்றன. ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். நாற்றத்தை வரைய முடியாதல்லவா, அதனால் மூக்கைப் பிடித்த கையை வரைந்திருக்கிறார் ஓவியர். இன்னொரு பக்கம் நொண்டிகளும் குருடர்களும் கையேந்தி, "எல்லா வலிக்கும் மருந்தே, வா" என்று சாவைக் கூப்பிடுகிறார்கள். வௌவால் சிறகும் அரிவாளும் கொண்ட பெண்ணாக வரும் சாவு அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தோட்டத்தில் உட்கார்ந்து வாத்தியம் கேட்டுக்கொண்டிருக்கும் இளசுகள் பக்கம் பறக்கிறது.

பிளேக்கைக் கண்ணால் பார்த்தவர்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று நீண்ட காலம் நம்பினார்கள். 1951இல் அமெரிக்கக் கலை வரலாற்றாளர் மில்லர்ட் மீஸ், பிளேக்குக்குப் பிறகு இத்தாலிய ஓவியம் எப்படி மாறியது என்ற தன் புகழ்பெற்ற வாதத்தில் இந்தச் சுவரையும் சாட்சியாக நிறுத்தினார். 1974இல் லூச்சானோ பெல்லோசி இதை வரைந்தவர் புவோனாமீகோ புஃபல்மாக்கோ என்றும், காலம் 1330களின் பிற்பகுதி என்றும் காட்டினார். இன்று பெரும்பாலோர் ஏற்பது அதைத்தான். அதாவது பிளேக் வருவதற்குச் சுமார் பத்து வருடங்களுக்கு முன்பே இந்தச் சுவர் தயார்.

2. மூன்று உயிருள்ளவர்கள் மூன்று பிணங்களைச் சந்திக்கும் அந்தக் கதையே 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் செய்யுள்களில் இருக்கிறது.

3. மறுபக்கம், திரான்சிக் கல்லறைகள் பரவத் தொடங்கியது 1390களில். பிளேக் முடிந்து நாற்பது வருடங்கள் கழித்து.

ஒன்று முந்திக்கொள்கிறது, இன்னொன்று பிந்திப்போகிறது. அப்படியானால் பிளேக் என்னதான் செய்தது? இங்கே உயில்கள் உதவுகின்றன. வரலாற்றாளர் சாமுவேல் கோன் மத்திய இத்தாலியின் ஆறு நகரங்களின் உயில்களைப் படித்தார். 1348இன் முதல் அலைக்குப் பிறகு பெரிய மாற்றம் இல்லை. 1362-63இல் கொள்ளைநோய் திரும்பி வந்த பிறகுதான் மாறுகிறது. அதுவரை பத்து இடங்களுக்குச் சில்லறையாகப் பணம் பிரித்துக் கொடுத்தவர்கள், ஒரே இடத்தில், தன் பெயரும் அடையாளமும் நிற்கும்படி, கல்லறைக்கும் சிற்றாலயத்துக்கும் ஒதுக்கத் தொடங்குகிறார்கள்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கொள்ளைநோயில் ஆட்கள் குழியில் கொட்டப்பட்டார்கள். குருவானவர் வரவில்லை, கடைசிச் சடங்கு இல்லை, குழிக்கு மேல் பெயர் இல்லை. சாவதைவிடப் பெயரில்லாமல் போவதுதான் பெரிய பயம். பெயர் இல்லாதவருக்காக யார் செபம் செய்வார்?

## உத்தரிக்கிற ஸ்தலத்தின் கணக்கு வழக்கு

பின்னிடைக்கால ஐரோப்பாவில் செத்தவருக்கான செபம் என்பது மனசில் நினைத்துக்கொள்ளும் விஷயம் மட்டும் இல்லை. அதற்கு நிலம், வாடகை, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. வசதியானவர்கள் ஒரு நிலத்தையோ வீட்டையோ எழுதிவைத்து, அதன் வருமானத்தில் ஒரு குருவானவர் தினமும் தன் ஆன்மாவுக்காகப் பூசை வைக்க ஏற்பாடு செய்தார்கள். நம் கோயில்களில் கட்டளை எழுதிவைப்பதுபோல என்று சொன்னால் உடனே புரியும். இதைப் பூசைக் கட்டளை என்றே அழைக்கலாம். இங்கிலாந்தில் மட்டும் இவை இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தன. 1509இல் இறந்த அரசர் ஏழாம் ஹென்றி தன் உயிலில் 10,000 பூசைகள் கேட்டிருந்தார். சிச்செலியும் சும்மா இருக்கவில்லை. 1438இல் ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி நிறுவினார். பிரான்சோடு நடந்த போர்களில் செத்தவர்கள் உட்பட, மரித்த எல்லா ஆன்மாக்களுக்காகவும் செபம் செய்வது அந்தக் கல்லூரியின் கடமை. அதன் பெயரே 'ஆல் சோல்ஸ்', எல்லா ஆன்மாக்களும்.

இந்தப் பின்னணியில் கேன்டர்பரிக் கல்லறையைத் திரும்பப் பார்த்தால் அதன் தர்க்கம் இப்படி விரியும்:

1. செத்தவருக்குச் செபம் வேண்டும், அதுவும் விடாமல் வேண்டும்.

2. குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையில் மறந்துவிடும். காசு கொடுத்து ஏற்பாடு செய்த பூசையும் காசு தீர்ந்தால் நின்றுபோகும். ஆனால் பேராலயத்தில் ஆள் நடமாட்டம் எப்போதும் உண்டு. வழிப்போக்கரின் செபத்துக்குச் செலவும் இல்லை.

3. வழிப்போக்கர் நிற்க வேண்டுமானால் அவர் கண் நிற்க வேண்டும். கை கூப்பிப் படுத்திருக்கும் பேராயர் சிலைகள் பேராலயம் பேராலயமாக இருக்கின்றன, யாரும் நின்று பார்ப்பதில்லை.

4. நின்றவருக்கு மனசு இளக வேண்டும். பொன்னங்கி போட்ட பேராயரைப் பார்த்து யாருக்குப் பரிதாபம் வரும்? உலர்ந்து கிடக்கும் வெற்றுடம்பைப் பார்த்தால் வரும்.

5. தன்னைத் தாழ்த்திக் காட்டுவதே ஒரு தவம். அதற்கும் அங்கே பலன் உண்டு.

மேல்தட்டு "நான் யார்" என்று சொல்கிறது, கீழ்த்தட்டு "எனக்கு உன்னிடம் என்ன வேண்டும்" என்று சொல்கிறது. 1402இல் இறந்த கர்தினால் ழான் தெ லா கிராஞ்சின் அவிஞ்ஞோன் கல்லறையில் பிணம் பார்ப்பவரையே அதட்டுகிறது: அற்பனே, எதற்கு இந்தக் கர்வம்? நீ சாம்பல்தானே, எங்களைப்போல நாறும் பிணமாக, புழுக்களுக்கு உணவாகப் போகிறவன்தானே? சுவிட்சர்லாந்தின் லா சாராஸ் ஊரில் பிரபு பிரான்சுவாவின் சிலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கண்ணிலும் வாயிலும் தேரைகள் உட்கார்ந்திருக்க, கை கால்களில் புழுக்கள் நெளிகின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பணிவைக் காட்டுவதற்கும் காசு வேண்டியிருந்தது. ஒரு சிலைக்குப் பதில் இரண்டு சிலை, அதுவும் நல்ல சிற்பியின் கையால். உண்மையில் புழுவுக்கு இரையான ஏழைக்கு அதைக் கல்லில் வடித்துச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

## யாரும் பார்க்க முடியாத ஓவியம்

திரான்சி என்பது பார்ப்பவரை மட்டும் குறிவைத்தது என்று முடிவு கட்டும் முன், ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் எவெல்ம் கிராமத்துத் தேவாலயத்தைப் பார்த்துவிட வேண்டும். அங்கே 1475இல் இறந்த சஃபோக் கோமகள் அலிஸின் கல்லறை. கவிஞர் சாசரின் பேத்தி அவர். வெண்மையான அலபாஸ்டர் கல். மேலே முக்காடிட்டு, கை கூப்பிப் படுத்திருக்கிறார். நடுவில் தேவதூதர்கள் வரிசை. அதற்கும் கீழே, தரையை ஒட்டி, கல் சல்லடைக்குப் பின்னால் அதே பெண், பிணத்துணி விலகிய நிலையில், எலும்பு தெரிய, தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறார்.

சல்லடை வழியாக அந்தப் பிணத்தைப் பார்ப்பதற்கே குனிய வேண்டும். ஆனால் தரையில் மல்லாந்து படுத்து, தலையை உள்பக்கம் திருப்பி மேலே பார்த்தால் இன்னொன்று தெரியும். பிணத்துக்கு மேலே கூரைபோல இருக்கும் கல்லின் அடிப்பக்கத்தில் வண்ண ஓவியங்கள். மரியாவுக்குத் தேவதூதர் மங்களவார்த்தை சொல்லும் காட்சி, மகதலா மரியாள், திருமுழுக்கு யோவான். பார்க்க வருபவர் யாருக்கும் நின்ற நிலையில் அவை கண்ணில் படாது. அவை கல்லால் ஆன பிணத்தின் கண்ணுக்கு நேரே வரையப்பட்டிருக்கின்றன.

என் கணிப்பில், இந்தக் காலக் கலையிலேயே மிக நுட்பமான ஏற்பாடு இதுதான். ஒரே கல்லறை இரண்டு பக்கமும் பேசுகிறது. வெளியே நிற்பவரிடம் செபம் கேட்கிறது. உள்ளே கிடப்பவருக்கு நம்பிக்கையைக் காட்டுகிறது. செபத்தையும் அலிஸ் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. அவரும் கணவரும் 1437இல் உரிமம் பெற்று, தேவாலயத்தை ஒட்டியே 13 ஏழைகளுக்கு ஒரு தர்ம விடுதி கட்டினார்கள். சோறும் தங்க இடமும் உண்டு. பதிலுக்கு அந்தப் பதின்மூன்று பேரும் நிறுவனர்களின் ஆன்மாவுக்காகத் தினமும் செபம் செய்ய வேண்டும்.

## நடனத்தில் வருவது யார்?

சாவின் நடனம் வேறு ரகம். 1424-25இல் பாரிஸின் மாசற்ற குழந்தைகள் கல்லறைத் தோட்டச் சுவரில் வரையப்பட்டதுதான் நமக்குத் தெரிந்த முதல் பெரிய உதாரணம். அந்த இடம் ஊருக்கு வெளியே இல்லை. பாரிஸின் பெரிய சந்தைக்குப் பக்கத்திலேயே இருந்தது. குழியில் இடம் போதாமல் பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, சுற்றியிருந்த நடைக்கூடங்களின் மேல்தளத்தில் அடுக்கியிருந்தார்கள். தலைக்கு மேல் அசல் மண்டையோடுகள், கண் மட்டத்தில் ஓவியத்தில் ஆடும் பிணங்கள், பக்கத்தில் சந்தைக் கூச்சல். 1669இல் தெருவை அகலப்படுத்த அந்தச் சுவரை இடித்தார்கள். 1485இல் கியோ மார்ஷான் அச்சிட்ட மரக்கட்டைப் படங்களில் ஓரளவுக்கு அதன் சாயல் தங்கியிருக்கிறது.

மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும் ஒன்று இங்கே உண்டு. நாம் "சாவு வந்து கூப்பிடுகிறது" என்று சொல்லிவிடுகிறோம். மார்ஷானின் பதிப்பில் பேசும் எலும்புருவத்தின் பெயர் 'சாவு' இல்லை, 'செத்தவர்'. பிரெஞ்சில் 'லா மோர்' என்றால் சாவு, 'லெ மோர்' என்றால் செத்தவர். அங்கே இருப்பது இரண்டாவது. ஆக, போப்பாண்டவரைக் கைபிடித்து இழுப்பது எங்கிருந்தோ வந்த எமன் இல்லை. அவருக்கு முன்னால் செத்த ஒருவர், அல்லது நாளைக்கு அவரே ஆகப்போகிற பிணம்.

நூறு வருடம் கழித்து ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரையும்போது இது மாறிவிட்டது. 1520களில் அவர் வரைந்து, லுட்செல்பர்கர் என்ற கைவினைஞர் மரத்தில் செதுக்கி, 1538இல் லியோனில் 41 படங்களாக வெளிவந்த அந்தச் சிறு புத்தகத்தில் வரிசை நடனம் கிடையாது. ஒவ்வொருவரும் தன் தன் வேலையில் இருக்கும்போது சாவு நுழைகிறது. நீதிபதி பணக்காரனிடம் கைநீட்டும் நேரம் பார்த்து அவர் கையிலிருக்கும் கோலைப் பிடுங்குகிறது. கன்னியாஸ்திரீ பீடத்தின் முன் முழங்காலில் இருந்தபடி, வாத்தியம் வாசிக்கும் காதலனைத் திரும்பிப் பார்க்கிறாள். சாவு மெழுகுவத்தியை அணைக்கிறது. உழவனிடம் மட்டும் அது நையாண்டி செய்யவில்லை. குதிரைகளை ஓட்டிக்கொடுக்கிறது, தூரத்தில் தேவாலயத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படம் அது. சாவை இவ்வளவு இதமாக வரைந்தது அந்தக் காலத்தில் வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

## புளோரன்ஸில்: எலும்பும் முகமும்

"மறுமலர்ச்சிக் காலத்தில் ஐரோப்பா சாவை மறந்து வாழ்வைக் கொண்டாடத் தொடங்கியது" என்று பாடப்புத்தக நடையில் சொல்வார்கள். புளோரன்ஸின் சான்தா மரியா நொவேல்லா ஆலயத்தில் ஓவியர் மசாச்சோ ஏறத்தாழ 1425-27இல் வரைந்த 'மூவொரு கடவுள்' சுவரோவியம் அதற்கு நேர் எதிரான சாட்சி. தூரக்காட்சியைக் கணிதப்படி வரைந்த ஆரம்பகாலச் சாதனை என்று இதைக் கொண்டாடுகிறோம். சுவரைக் குடைந்து ஒரு சிற்றாலயமே உள்ளே இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்த மாயக் கட்டடத்துக்கு அடியில், நம் கண் மட்டத்துக்குக் கீழே, ஒரு கல்பெட்டி மேல் எலும்புக்கூடு கிடக்கிறது. அதன் மேல் இத்தாலிய மொழியில் எழுதியிருக்கிறது: "இன்று நீங்கள் இருப்பதுபோல நானும் ஒருநாள் இருந்தேன். இன்று நான் இருப்பதுபோல நீங்களும் இருப்பீர்கள்."

இந்த எலும்புக்கூட்டுக்குச் சொந்தக் கதை உண்டு. ஏறத்தாழ 1570இல் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி தன் புதிய பீடத்தை முன்னால் நிறுத்தியதால் ஓவியம் முழுவதும் மறைந்தது. 1860களில் மேல்பகுதியைக் கண்டெடுத்து வேறு சுவருக்குக் கொண்டுபோனார்கள். அடியில் எலும்புக்கூடு இருப்பது 1952இல்தான் தெரிந்தது. கிட்டத்தட்ட நூறு வருடம், மறுமலர்ச்சியின் தொடக்கப் புள்ளி என்று எழுதியவர்கள் எல்லாரும் பார்த்தது சாவை வெட்டி எடுத்த படத்தைத்தான்.

புளோரன்ஸில் உண்மையிலேயே புதிதாக வந்தது வேறு. செத்தவர் நினைவில் நிற்க அவர் முகமும் புகழும் போதும் என்ற எண்ணம். லெயோன் பத்தீஸ்தா அல்பெர்த்தி 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதும்போது, ஓவியம் தூரத்தில் இருப்பவரை அருகில் கொண்டுவருவதோடு செத்தவரையும் ஏறக்குறைய உயிரோடு காட்டும் என்றார். சான்தா குரோச்சே ஆலயத்தில் வரலாற்றாசிரியர் லியோனார்தோ புரூனியின் கல்லறையில் புழு கிடையாது. தலையில் வாகை மாலை, நெஞ்சின் மேல் புத்தகம், "வரலாறு துக்கம் காக்கிறது, நாவன்மை ஊமையாகிவிட்டது" என்ற வாசகம். உன்னிடம் எனக்கு வேண்டியது பாராட்டு என்கிறது இந்தக் கல்லறை.

ஆனால் பழையது போய்ப் புதியது வந்தது என்று கோடு கிழித்துவிட முடியாது. ஓவியர் கிர்லாந்தாயோ வரைந்த ஜொவான்னா தோர்னபூவோனியின் படம் மாட்ரிட்டில் இருக்கிறது. பக்கவாட்டு முகம், பொன்னிழை ஆடை. 1488இல் சுமார் இருபது வயதில், கர்ப்பமாக இருக்கும்போது இறந்துபோனவர். படத்தில் தேதி 1488. பக்கத்தில் ஒரு காகிதத்தில் லத்தீன் வரி: கலையே, குணத்தையும் மனதையும் நீ வரைய முடிந்தால் உலகில் இதைவிட அழகான படம் இருக்காது. சரி, இது முழுக்க நினைவுப் படம் என்று தோன்றும். அந்தக் காகிதத்துக்கு மேலே பார்த்தால் பவள மணிமாலை தொங்குகிறது. கீழே மாடத்தில் செபப் புத்தகம். முகத்தை நினைவில் வை என்று கேட்கும் அதே படம் செபத்தையும் கேட்காமல் விடவில்லை.

## சீர்திருத்தம் எதை உடைத்தது

1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர், உத்தரிக்கிற ஸ்தல வேதனையைக் குறைக்கும் என்று சொல்லி நடந்த பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கேள்வி கேட்டார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் அங்கே தொடங்கியது. அவர் கை வைத்தது இந்தக் கணக்கு வழக்கில்தான். 1530இல் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற கோட்பாட்டையே எதிர்த்து எழுதினார். இங்கிலாந்தில் 1547இல் சட்டம் போட்டுப் பூசைக் கட்டளைகளை ஒழித்து, சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது.

விளைவுகளை வரிசையாகப் பார்த்தால்:

1. செத்தவருக்கு உயிரோடிருப்பவர் உதவ முடியாது என்றாகிவிட்டது. அப்படியானால் கல்லறைப் பிணம் கையேந்துவதில் அர்த்தமில்லை.

2. கேட்கும் வாசகங்கள் குற்றமாகின. இதற்கு ஓர் அழுத்தமான சான்று, 1643-44இல் கிழக்கு இங்கிலாந்துத் தேவாலயங்களில் உருவங்களை உடைத்துக்கொண்டு போன வில்லியம் டௌசிங்கின் நாட்குறிப்பு. படங்களையும் சிலுவைகளையும் உடைத்ததோடு, கல்லறைப் பித்தளைத் தகடுகளில் "இவர் ஆன்மாவுக்காகச் செபியுங்கள்" என்ற எழுத்துகளைப் பெயர்த்து எடுத்ததையும் ஊர் ஊராகக் குறித்து வைத்திருக்கிறார். பல இடங்களில் தகட்டில் மனித உருவம் அப்படியே இருக்கும், வாசகம் மட்டும் போயிருக்கும். எது வேலை செய்யும் பாகம் என்று உடைத்தவருக்குத் தெரிந்திருந்தது.

3. மண்டையோடு மட்டும் வேலையிழக்கவில்லை. அது பேசும் திசை மாறியது. "எனக்காகச் செபி" என்று கேட்டது, "நீ உன்னைப் பார்த்துக்கொள்" என்று சொல்லத் தொடங்கியது. மெமெந்தோ மோரி என்ற பெயர் முழுசாகப் பொருந்துவது இங்கேதான்.

இந்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறது ஹோல்பைனின் 'தூதர்கள்', 1533. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கும் சற்று அதிகம். பிரெஞ்சுத் தூதர் ழான் தெ தென்ட்வீல், வயது 29. நண்பர் ஆயர் ழோர்ஷ் தெ செல்வ், 25. நடுவில் அடுக்குமேசை நிறைய வானியல் கருவிகள், பூகோள உருண்டை, ஒரு தந்தி அறுந்த லூட் வாத்தியம். அவர்கள் காலடியில் ஏதோ கறை மாதிரி சாய்வாக நீளும் ஓர் உருவம். நேரே நின்றால் என்னவென்று தெரியாது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய், சுவரை ஒட்டி நின்று பக்கவாட்டில் பார்த்தால் மண்டையோடு எழுந்து நிற்கும். அந்த நொடியில் தூதர்கள் இருவரும் நசுங்கிக் காணாமல் போவார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கவே முடியாது.

தென்ட்வீலின் தொப்பியில் குத்தியிருக்கும் சின்னப் பதக்கத்திலும் மண்டையோடுதான். இருவரும் கத்தோலிக்கர்கள். ஆனாலும் இந்தப் படத்தில் யாரும் யாரிடமும் செபம் கேட்கவில்லை. பார்ப்பவரை நிறுத்துவதற்குப் பதில் நகர வைக்கிறது இந்த மண்டையோடு. இடது மேல்மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்தபடி வெள்ளியில் ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம், இருக்கிறது. அதைக் கவனிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

கத்தோலிக்கப் பகுதிகளில் திரான்சி இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்தது, ஆனால் தோரணை மாறியது. 1544இல் 25 வயதில் போரில் இறந்த ரெனே தெ ஷாலோனுக்கு லிஜியே ரிஷியே செய்த சிலை பிரான்சின் பார்-ல-துய்க்கில் இருக்கிறது. தோல் கந்தலாகத் தொங்கும் எலும்புருவம், படுக்கவில்லை, எழுந்து நின்று தன் இதயத்தை வானை நோக்கி உயர்த்திப் பிடிக்கிறது. வழிப்போக்கரை அது பார்ப்பதேயில்லை. 1560களில் ராணி காத்தரீன் தெ மெதிச்சிக்காக ஜிரோலமோ தெல்லா ரோபியா செதுக்கத் தொடங்கிய உலர்ந்த பிணச் சிலை முடிக்கப்படாமலே போனது. இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. கல்லறைக்குப் போனது ஜெர்மென் பிலோன் செய்த இன்னொரு சிலை. அதில் அவர் தூங்குகிற மாதிரி இருக்கிறார்.

சிச்செலியின் கல்லூரி 1547இன் சட்டத்துக்குத் தப்பியது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளுக்கு அதில் விலக்கு இருந்தது. ஆன்மாக்களுக்கான பூசைகள் நின்றன, ஆய்வும் படிப்பும் தொடர்ந்தன. கேன்டர்பரிக் கல்லறையைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டும் இன்றும் ஆல் சோல்ஸ் கல்லூரியிடம் இருக்கிறது. மேல்தட்டுப் பேராயரின் அங்கி இவ்வளவு பளிச்சென்று இருப்பது அதனால்தான்.